கடல் சுணைப்புழுவுக்குப் பெயர் கண்டுபிடிப்பது எப்படி? மதுரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் கடல் இல்லை. ஆனாலும் இங்கே விலங்கியல் படிக்கிற பிள்ளைகளில் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது மண்டபம் பக்கம் போய்விட்டு, ஒரு பாட்டிலில் சிவப்பாக எதையோ போட்டு எடுத்து வருகிறார்கள். "சார், இது நீரிஸ்தானே?" என்பதுதான் முதல் கேள்வி. பள்ளியில் படித்த கடல்புழுவின் பெயர் அது ஒன்றுதான், அதனால் கால் மாதிரி ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் எல்லாமே நீரிஸ் ஆகிவிடுகிறது. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறதை அப்படியே இங்கே எழுதுகிறேன். பெயர் கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் தலையைப் பார்க்க வேண்டும், தாடையைப் பார்க்க வேண்டும், சுணையைப் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுத வேண்டும். எது வரைக்கும் உறுதியாகத் தெரிகிறதோ அங்கேயே நின்றுவிட வேண்டும். இந்த நிற்கிற இடம்தான் புதிதாக வருகிறவர்களுக்குப் பிடிபடச் சிரமமானது.

சுணை என்று ஏன் சொல்கிறேன் என்றால், வைக்கோல் சுமந்தவர்களுக்கும் வெண்டைக்காய் பறித்தவர்களுக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, தோலுக்குத் தெரியும். இந்தப் புழுக்களின் உடம்பில் ஒவ்வொரு வளையத்தின் இருபுறமும் துடுப்பு போல ஒரு சதை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பக்கக்கால் என்று பெயர். அதிலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளம்பும் கைட்டின் இழைகளைத்தான் சுணை என்கிறேன். பாடப்புத்தகத்தில் சீட்டா என்று இருக்கும். இந்தப் புழுக் கூட்டத்துக்குப் பாலிகீட்டா என்று 1850இல் குரூபே என்ற விலங்கியலாளர் வைத்த பெயருக்கும் 'பல மயிர் உடையவை' என்றுதான் பொருள். உலகம் முழுக்க இதுவரை விவரிக்கப்பட்டவை 10,000க்கும் மேல்.

முதல் பாடத்துக்குக் கடலுக்குப் போக வேண்டாம். மழை பெய்த மறுநாள் தோட்டத்தில் ஒரு மண்புழுவை எடுத்து, ஈரக்கையில் வைத்து, வாலில் இருந்து தலைப் பக்கமாக விரலை மெதுவாக நகர்த்துங்கள். சொரசொரவென்று ஏதோ இழுக்கும். அதுவும் சுணைதான். மண்புழுவுக்குச் சுணை கொஞ்சம், பக்கக்கால் கிடையாது. நம் வயல்களில் சாதாரணமாகக் கிடைக்கிற லாம்பிட்டோ மௌரிட்டியை என்ற மண்புழுவுக்குப் பெயர் வைத்தவர் கின்பெர்க் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர். கடல் சுணைப்புழுக்களிலும் அவர் வைத்த பெயர்கள் ஏராளம். அவரைப் பின்னால் மறுபடியும் சந்திப்போம்.

படிநிலை என்றால் என்ன

தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். மதுரைக்காரர்களுக்கு அதைப் புரிந்துகொள்ள வேறு வழி இருக்கிறது. வெளி வீதிக்குள் மாசி வீதி, அதற்குள் ஆவணி மூல வீதி, அதற்குள் சித்திரை வீதி, கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியில் இருந்து உள்ளே வர வர இடம் குறுகும், விலாசம் துல்லியமாகும். வகைப்பாடும் அப்படித்தான். வளைதசைப் புழுக்களின் தொகுதி வெளி வீதி என்றால், குடும்பம் மாசி வீதி, பேரினம் சித்திரை வீதி. ஒருவர் மாசி வீதியில் இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தால் மாசி வீதி என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டு எண்ணை ஊகித்துச் சொன்னால் தபால் வேறு வீட்டுக்குப் போகும்.

ஒரு வித்தியாசம் உண்டு. வீதிகள் நிற்கிற இடத்தில் நிற்கின்றன, வகைப்பாட்டின் மேல்மட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. பழைய நூல்களில் அலைந்து திரிபவை, ஓரிடத்தில் இருப்பவை என்று இரண்டு பெரும்பிரிவு இருக்கும். 1977இல் வெளிவந்த, ஃபோஷால்ட் என்ற ஆய்வாளரின் குடும்ப, பேரினத் திறவுகோலில் (அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயரை எட்ட உதவும் நூல்) அந்தப் பிரிவு இல்லை, அது வெறும் வாழ்க்கை முறை, உறவு அல்ல என்று விட்டுவிட்டார். 1997இல் ரௌஸும் ஃபோஷால்டும் உடல் அமைப்பை வைத்து வேறு மாதிரி அடுக்கினார்கள். 2011இல் மரபணுக்களை வைத்துச் செய்த ஆய்வில் பழைய இரண்டு பிரிவும் கொஞ்சம் உருமாறித் திரும்ப வந்தன. அதே ஆய்வுகளில் தெரிந்த இன்னொரு விஷயம் எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தருகிறது. மண்புழுவும் அட்டையும் சுணைப்புழுக்களுக்கு வெளியே நிற்கும் தனி வகுப்புகள் அல்ல, அவற்றின் குடும்ப மரத்துக்குள்ளேயே ஒரு கிளை. அதாவது உங்கள் தோட்டத்து மண்புழு, கடலில் இருந்து கரையேறிய ஒரு சுணைப்புழுவின் வழித்தோன்றல்.

புதிதாக வருகிறவர்கள் இந்த மேல்மட்ட மாற்றங்களில் மாட்டிக்கொள்ள வேண்டாம். வரிசை எது என்று தெரியாவிட்டாலும் வேலை நடக்கும். குடும்பம்தான் கைப்பிடி. குடும்பத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எங்கே, எப்படி எடுப்பது

மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ் ஏறினால் ராமநாதபுரம் தாண்டி மண்டபம். ரயிலும் இருக்கிறது. ஏறுவதற்கு முன்னால் ஒன்றை மனதில் வையுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கக்கூடாது. பவளம் எங்கே கிடந்தாலும், செத்துக் கிடந்தாலும், தொடாதீர்கள். அதற்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கல்லூரி மூலம் அனுமதி வாங்கிக்கொண்டு போவதுதான் முறை.

அனுமதி கிடைக்கும் வரை என்ன செய்வது? பாக் நீரிணைப் பக்கம் மீனவர்கள் கரைக்கு இழுத்துப்போட்ட பழைய கயிறு, தெர்மோகோல் மிதவை, கொட்டலசு (பார்னக்கிள்) ஒட்டிய பலகை இவற்றைக் கேட்டு வாங்குங்கள். "அண்ணே, இந்தக் கயித்தை உதறிப் பாத்துக்கலாமா?" என்று கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒரு முழம் பாசி படிந்த கயிற்றைக் கடல்நீர் வாளியில் அலசினால் நாலைந்து குடும்பம் கிடைக்கும். வைகை கடலோடு சேரும் ஆற்றங்கரைப் பக்கத்துச் சேறும் நல்ல இடம். மதுரை வழியாகப் போகிற தண்ணீர் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும், மிச்சம் போய்ச் சேருகிற இடம் அது. உப்பும் நன்னீரும் மாறி மாறி வரும் சேற்றில் வாழும் நீரிஸ் குடும்பத்துப் புழுக்களை அந்த மாதிரிக் கழிமுகங்களில்தான் தேட வேண்டும். அங்கே போகிறவர்கள் பக்கத்தில் அழகன்குளத்தையும் பார்த்துவிட்டு வரலாம், பழைய துறைமுகம் இருந்த ஊர்.

ஒரு எச்சரிக்கை. உடம்பின் ஓரம் முழுக்க வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல ஒரு புழு தெரிந்தால் கையால் எடுக்காதீர்கள். அது தீப்புழுக் குடும்பம், ஆம்ஃபினோமிடே. அந்தப் பஞ்சு சுண்ணாம்புச் சத்துள்ள, எளிதில் உடையும் சுணை. தோலில் ஏறினால் நாள்கணக்கில் எரியும். ஏறிவிட்டால் தேய்க்காமல், ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்தெடுங்கள்.

உயிரோடு இருக்கும்போதே நிறத்தை எழுதுங்கள், படம் எடுங்கள். ஆல்கஹாலில் போட்ட ஒரு வாரத்தில் எல்லாப் புழுவும் சாம்பல் நிறம்தான்.

தூங்க வைத்த பிறகே பதப்படுத்துங்கள்

நான் தொடங்கிய காலத்தில் கிடைத்த புழுவை அப்படியே ஆல்கஹாலில் போட்டேன். ஒன்று சுருண்டு மூன்று துண்டாயிற்று. முதுகில் செதில் அடுக்கிய அழகான புழு ஒன்று, பாட்டிலுக்குள் விழுந்த நொடியில் அத்தனை செதிலையும் உதிர்த்துவிட்டது. எந்தச் செதில் எந்த வளையத்தில் இருந்தது என்பது அதன் அடையாளத்தில் முக்கியமான பகுதி. அதற்கு இன்று வரை பேரினப் பெயர் கிடைக்கவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று கேட்டால் மென்தால் படிகம் கொடுப்பார்கள். புழு இருக்கும் கடல்நீர்த் தட்டில் நாலைந்து படிகம் மிதக்கவிட்டு மூடி வையுங்கள். ஊசியால் தொட்டாலும் அசையாத அளவுக்குத் தளர்ந்ததும் எடுக்கலாம். கல்லூரியில் மக்னீசியம் குளோரைடு இருந்தால் இன்னும் நல்லது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 75 கிராம் கரைத்து, அதில் பாதி, கடல்நீர் பாதி.

அப்புறம் பதப்படுத்தல். கடையில் வரும் ஃபார்மலின் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு. ஒரு நாள் அதில் வைத்து, தண்ணீரில் நன்றாக அலசி, 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். ஃபார்மலினைக் கையுறை இல்லாமல், காற்றோட்டம் இல்லாத அறையில் தொடவே கூடாது. மரபணு ஆய்வுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், ஃபார்மலினில் போடுவதற்கு முன்பே வால் பக்கம் சின்னத் துண்டு வெட்டி, 95 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹாலில் தனியாக வையுங்கள். தீப்புழுவை ஃபார்மலினில் ரொம்ப நாள் விட்டுவிட்டால் ஃபார்மலின் புளித்து அமிலமாகி, சுண்ணாம்புச் சுணையைக் கரைத்துவிடும்.

சீட்டுக்குப் பென்சில்தான். பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, வெளியில் ஒட்டாமல் உள்ளேயும் போடாமல், மூடியில் மட்டும் எழுதி வைத்த பாட்டில்கள் என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தன. மூடி மாறியது, மை போனது, பெட்டி முழுக்க ஊர் பேர் தெரியாத புழு. தடித்த காகிதத்தில் பென்சிலால் இடம், தேதி, எதில் இருந்து எடுத்தது, எடுத்தவர் பெயர் எழுதி, பாட்டிலுக்குள்ளேயே புழுவோடு போடுங்கள்.

குடும்பம் வரை

இனி ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப் வேண்டும். வீட்டில் இல்லாவிட்டால் கல்லூரியில் ஒரு மணி நேரம் கேளுங்கள். புழுவைத் தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ மூழ்கவைத்துப் பாருங்கள், காற்றில் வைத்தால் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் அது எதற்குள் இருந்தது என்று கேளுங்கள். சங்கின் மேலோ கல்லின் மேலோ வெள்ளையாக, கெட்டியாக, முறுக்கிக்கொண்டு கிடக்கும் சுண்ணாம்புக் குழாயில் இருந்தால் செர்புலிடே. தலையில் இறகு விசிறியும், கதவு போல மூட ஒரு மூடியும் பெரும்பாலும் இருக்கும். அதே இறகு விசிறி, ஆனால் குழாய் சேறும் சளியும் கலந்து மெத்தென்று இருந்தால் சபெல்லிடே. சிப்பித் துண்டு, இலைத்துண்டு எல்லாம் ஓடு வேய்ந்தது போல ஒட்டிய குழாய் மணலில் நட்டுக்கொண்டு நின்றால் ஒனுஃபிடே குடும்பத்து டையோபாட்ராவாக இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே இருப்பதன் செவுளைப் பாருங்கள், பேனாவுக்குள் இருக்கிற ஸ்பிரிங் போலச் சுற்றிச் சுற்றி இழை கட்டியிருக்கும்.

குழாய் இல்லையா? முதுகைப் பாருங்கள். செதில் இருந்தால் செதில்புழுக்கள், பெரும்பாலும் பாலினோய்டே. செதில் உதிர்ந்திருந்தாலும் அது ஒட்டியிருந்த குமிழ் வளையம் விட்டு வளையம் தெரியும், அதைத் தேடுங்கள். தலையில் இருந்து இடியாப்பம் போல இழைகள் கொத்தாகத் தொங்கினால் டெரிபெல்லிடே. மண்புழு போலவே சிவந்து, பக்கக்கால் கண்ணுக்கே தெரியாமல், நூலாக இருந்தால் காப்பிடெல்லிடே. இது சாக்கடை கலக்கும் சேற்றில் குவிந்து கிடக்கும், அதனால்தான் கடல் மாசு பற்றிய அறிக்கைகளில் எல்லாம் இதன் பெயர் வரும்.

இவை எதுவும் இல்லாமல், பக்கக்கால் நன்றாகத் தெரிகிற, சுறுசுறுப்பான புழு என்றால் தாடையைப் பாருங்கள். தொண்டை வெளியே பிதுங்கி, இரண்டு கருப்புக் கொக்கி இருந்தால் நீரிஸ் குடும்பம். சுற்றிலும் நான்கு கொக்கி இருந்தால் கிளிசெரிடே. கீழ்ப்பக்கம் பல துண்டுகளாகச் சேர்ந்த, கறுத்த, கதிர் அரிவாள் அடுக்கியது போன்ற தாடைத் தொகுப்பு என்றால் யூனிசிடே அல்லது அதன் உறவுகள். தலையில் ஐந்து உணர்கொம்பும் சீப்பு போன்ற செவுளும் இருந்தால் மார்ஃபைசாவா யூனிசியா என்று மேலே யோசிக்கலாம்.

பேரினம் வரை: நீரிஸ் குடும்பத்தை ஒரு தடவை முழுதாகப் பார்ப்போம்

மற்றவற்றை வேகமாகச் சொன்னேன். இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களிடம் வரப்போகிற புழுக்களில் பல இந்தக் குடும்பம்தான், தவறுகளும் இதில்தான்.

தலையில் நான்கு கண், முன்னால் இரண்டு சின்ன உணர்கொம்பு, இரண்டு தடித்த கன்னம் போன்ற பால்ப்பு, இருபுறமும் நீண்ட நூல்கள். இவற்றை எண்ணி வரைந்துகொள்ளுங்கள். வரைவது கட்டாயம். போனில் எடுக்கிற படம் எல்லாவற்றையும் காட்டும், ஆனால் நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்று காட்டாது.

அப்புறம் தொண்டை. நன்றாகத் தூங்கவைத்த புழுவின் தலைக்குச் சற்றுப் பின்னால், மழுங்கிய ஊசியால் பின்னிருந்து முன்னாக மெல்ல அழுத்துங்கள். உள்ளங்கையில் இருந்து நுங்கு வழுக்கி வருவது போலத் தொண்டை உள்ளிருந்து வெளியாகத் திரும்பி வரும், நுனியில் இரண்டு தாடை. வராவிட்டால் கீழ்ப்பக்கம் கத்தரித்துத் திறக்க வேண்டும். இப்போது தொண்டையின் மேல் புள்ளி புள்ளியாக, மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கருப்பாகத் தெரிகிறதே, அவைதான் தொண்டைப் பற்கள். 1865இல் கின்பெர்க் தொண்டையின் பரப்பை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து எண் கொடுத்தார். தாடைக்கு அருகில் உள்ள வளையத்தில் 1 முதல் 4, தலைக்கு அருகில் உள்ள வளையத்தில் 5 முதல் 8. மேல்பக்க நடுவில் 5, அதன் இருபுறமும் 6. இன்றும் உலகம் முழுக்க அதே எண்தான்.

எல்லாப் பற்களும் கூம்பாக இருந்தால் நீரிஸ் பேரினமாக இருக்கலாம். தலைக்கு அருகில் உள்ள வளையத்தில் பல்லே இல்லாவிட்டால் செரட்டோநீரிஸ் பக்கம் போங்கள். பற்கள் சீப்பின் பல் போல நெருக்கமான வரிசைகளாக இருந்தால் பிளாட்டிநீரிஸ். 6ஆம் பகுதியில் கூம்புக்குப் பதிலாகக் குறுக்கே ஒரு பட்டை, கண்ணுக்கு மை தீட்டிப் புருவம் வரைந்தது போல, இருபுறமும் ஒன்று ஒன்று இருந்தால்? அது பெரிநீரிஸ். இந்தப் புருவத்தை முதல்முறை லென்சில் பார்த்த பிள்ளை யாரும் அதற்குப் பிறகு எல்லாப் புழுவையும் நீரிஸ் என்று சொன்னதில்லை.

கடைசியாகச் சுணை. 10ஆவது வளையத்தில் ஒரு பக்கக்கால், நடு உடம்பில் ஒன்று, வால் பக்கம் ஒன்று எடுத்து, கிளிசரின் சொட்டில் வைத்து, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஒவ்வொரு சுணையும் காம்பு, நுனி என்று இரண்டு துண்டு, நடுவில் மூட்டு. நுனி நீண்டு ஊசியாக இருக்கும், அல்லது குட்டையாக அரிவாள் போல வளைந்திருக்கும். மூட்டின் இரு கன்னமும் சமமா, ஒன்று உயரமா என்று பாருங்கள். எந்த வளையத்தில் எந்த வகை என்று எழுதுங்கள். சிற்றினம் அங்கேதான் பிரிகிறது.

இன்னொன்று. கண் மிகப் பெரிதாக, பின்பாதிப் பக்கக்கால்கள் துடுப்பாக விரிந்திருந்தால், அது வேறு பேரினம் என்று முடிவு கட்டாதீர்கள். இனப்பெருக்கத்துக்காக மேலே நீந்தி வரும்போது நீரிஸ் குடும்பத்துப் புழுக்கள் இப்படி உருமாறும். இதைத் தெரியாமல் முன்பு ஹெட்டெரோநீரிஸ் என்று தனிப் பேரினமே வைத்திருந்தார்கள். ஆட்டோலைட்டஸ் என்ற வேறொரு புழுவில் ஆணுக்குப் பாலிபோஸ்ட்ரிக்கஸ், பெண்ணுக்குச் சாக்கோநீரிஸ் என்று ஒரே உயிருக்கு மூன்று பேரினப் பெயர் ஓடியது. பெரியவர்களே ஏமாந்த இடம் என்பதால், நாம் இரண்டு முறை பார்ப்பதில் தவறில்லை.

பெயரைப் படிக்கவும் எழுதவும்

விலங்குகளின் பெயர்க் கணக்கு 1758இல் வந்த, லின்னேயஸின் 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பிலிருந்து தொடங்குகிறது. ஒரே உயிருக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வந்ததற்குத்தான் உரிமை. அந்தப் பெயர் பொருத்தமாக இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. சித்திரைத் தேர் மாசி வீதியில்தான் ஓடுகிறது, அதற்காக வீதியின் பெயரை மாற்றவில்லையே. மதராஸ் சென்னை ஆன பிறகும் மதராசென்சிஸ் என்று முடியும் பெயர்கள் அப்படியே இருக்கின்றன.

நோட்டில் லத்தீன் எழுத்தில் எழுதும்போது பேரினத்தின் முதல் எழுத்து பெரியது, சிற்றினம் முழுக்கச் சிறிய எழுத்து, இரண்டும் சாய்வாக, கையால் எழுதினால் அடிக்கோடு. பின்னால் பெயர் வைத்தவரும் ஆண்டும் வரும். அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீரிஸ் பெலாஜிக்கா லின்னேயஸ், 1758 என்று அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால், அவர் வைத்த பேரினத்திலேயே அது இன்னும் இருக்கிறது என்று பொருள். யூரித்தோ காம்ப்ளனேட்டா (பல்லாஸ், 1766) என்று அடைப்புக்குறிக்குள் இருந்தால், பல்லாஸ் அதை வேறு பேரினத்தில் வைத்தார், பின்னால் இடம் மாறியது. அவர் வைத்தது அஃப்ரோடிட்டா பேரினத்தில். அடைப்புக்குறி அலங்காரம் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் போடுகிறார்கள், அது வரலாற்றையே மாற்றி எழுதுவது.

பேரினம் மாறும்போது சிற்றினத்தின் வால் மாறும். மணல்புழுவை லின்னேயஸ் மண்புழுவோடு சேர்த்து லம்ப்ரிக்கஸ் மெரைனஸ் என்றார். அது ஆண்பால். அரெனிக்கோலாவுக்கு மாறியதும் அரெனிக்கோலா மெரைனா. நல்லவன், நல்லவள் என்று நாம் விகுதி மாற்றுவது போலத்தான். ஆளின் பெயரால் வைத்தால் ஆணுக்கு ஒரு விகுதி, பெண்ணுக்கு ஒரு விகுதி. சிலிகா ஏரியில் இருந்து 1921இல் சதர்ன் என்ற ஆய்வாளர் விவரித்த மார்ஃபைசா கிரேவ்லியை என்ற புழு, நீண்ட காலம் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த கிரேவ்லியின் பெயர் தாங்கியது.

குடும்பப் பெயர் எல்லாம் 'இடே' என்று முடியும். நீரிஸின் வேர்ச்சொல் 'நீரெய்ட்' என்பதால் சரியான வடிவம் நீரெய்டிடே. பழைய நூல்களில் ஓர் அசை குறைந்து நீரெய்டே என்று இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம்தான், பயப்பட வேண்டாம்.

நிற்க வேண்டிய இடம்

இப்போது நூலைத் திறக்கலாம். நம் பக்கத்துக்கு ஃபோவெல் 1953இல் எழுதிய இந்தியச் சுணைப்புழு நூல் இன்றும் மேஜையில் இருக்க வேண்டியது. குருசடைத் தீவில் சேகரித்தவை உட்படச் சென்னை அருங்காட்சியகப் புழுக்களை அவர் 1930லேயே பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் அதைப் படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பெயர் முதலில் எந்தக் கடலில் வைத்தது?

ஒரே புழு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். அதனால் நம் கடல் பட்டியல்களில் ஐரோப்பியப் பெயர்கள் நிறைய. மார்ஃபைசா சாங்குவினியா இங்கிலாந்தின் தென்கரையில் இருந்து விவரிக்கப்பட்டது. பெரிநீரிஸ் கல்ட்ரிஃபெராவை 1840இல் குரூபே விவரித்தது மத்தியதரைக் கடலில் இருந்து. யூரித்தோ காம்ப்ளனேட்டா என்று வெப்பக் கடல்களில் எல்லாம் எழுதி வந்தது உண்மையில் ஒன்றுக்கு மேற்பட்ட சிற்றினம் என்று மரபணு ஆய்வு காட்டிவிட்டது. திறவுகோலில் பொருந்துகிறது என்பதற்காகப் பாக் நீரிணைப் புழுவுக்கு மத்தியதரைக் கடல் பெயரைத் தூக்கி வைத்தால், இங்கே பெயரில்லாமல் வாழும் ஒரு சிற்றினத்தை நாமே மறைத்துவிடுகிறோம். எனக்கு இதில்தான் மனசு அடித்துக்கொள்கிறது. தவறான பெயர் ஒன்று பட்டியலில் ஏறினால், அடுத்து வருகிறவர் அதைப் பார்த்து எழுதுவார், அவரைப் பார்த்து இன்னொருவர்.

உறுதி இல்லாததை எழுதவும் முறை இருக்கிறது. பேரினம் தெரியும், சிற்றினம் தெரியாது என்றால் பேரினத்துக்குப் பின் 'எஸ்பி.' (sp.) என்று எழுதுங்கள். ஒன்றோடு ஒத்துப்போகிறது, ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றால் நடுவில் 'சி.எஃப்.' (cf.). நெருங்கிய உறவு, ஆனால் அது அல்ல என்று தோன்றினால் 'ஏஎஃப்எஃப்.' (aff.). இவை சாய்வெழுத்தில் வராது. இணையத்தில் இருக்கும் உலகக் கடல் உயிரினப் பதிவேட்டில் (WoRMS) பெயரைத் தேடி, அது இன்னும் ஏற்கப்பட்ட பெயர்தானா, பழைய பெயரா, முதலில் எந்த இடத்தில் விவரிக்கப்பட்டது என்று பாருங்கள்.

புதிய சிற்றினம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், வரட்டும். அதற்கு அந்தப் பெயரின் நிரந்தர ஆதாரமாக ஒரு புழுவைக் குறிக்க வேண்டும், அது பொதுச் சேகரிப்பு ஒன்றில் பதிவு எண்ணோடு இருக்க வேண்டும், நெருங்கிய எல்லாச் சிற்றினங்களோடும் வித்தியாசம் எழுத வேண்டும். முதல் ஐம்பது புழுவுக்குப் பிறகு அதை யோசியுங்கள்.

போன தடவை ஆற்றங்கரைப் பக்கம் போய்வந்த ஒரு மாணவி நான்கு பாட்டில் கொண்டுவந்தாள். மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தோம். முதல் பாட்டில் சீட்டில் பெரிநீரிஸ் எஸ்பி., 6ஆம் பகுதியில் இருபுறமும் ஒரே பட்டை என்று எழுதினாள். இரண்டாவது டையோபாட்ரா எஸ்பி. மூன்றாவது காப்பிடெல்லிடே, அதற்கு மேல் இல்லை. நான்காவதில் புழு பாதிதான் இருந்தது, தலை இல்லை. "இதுக்கு என்ன சார் எழுதறது?" என்றாள். "சுணைப்புழு, தலை இல்லைன்னு எழுதும்மா" என்றேன். பென்சிலால் எழுதி உள்ளே போட்டு, மூடியை இறுக்கினாள். மதுரை வெயிலுக்கு ஆல்கஹால் சீக்கிரம் வற்றும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றி வையுங்கள்.